இரண்டாவது அளவு வரும்வரை

நவம்பர் 2, சனி

காலை ஆறரை மணிக்கு மங்கைக்கு வயிற்று வலி. தீபாவளி முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. பலகாரத்தின் வேலை என்று நினைத்தோம். மீதியிருந்த லேகியத்தில் ஒரு சுண்டைக்காய் அளவு உருட்டிக் கொடுத்தேன். பத்து மணிக்குக் காய்ச்சல் 100.2. தெர்மாமீட்டரைக் கழுவி வைத்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு இன்னொரு முறை பார்த்தேன். 101.

"நல்லா வலிக்குதா, சுமாரா வலிக்குதா?" என்று கேட்டேன்.

"ஏன், ரெண்டுக்கும் தனித்தனியா கட்டம் போட்டிருக்கீங்களா நோட்டுல?" என்றாள்.

கிண்டல் செய்யத் தெம்பு இருக்கிறது. காலையில் மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவு செய்தோம். முடிவு செய்தேன்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. வாஷர் வாங்க வேண்டும்.

நவம்பர் 3, ஞாயிறு

காலை ஐந்து மணிக்கு ஆம்புலன்ஸ். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வர ஒரு மணி ஐந்து நிமிடம். ஸ்கேன் எடுத்தார்கள். குடலில் ஓட்டை, வயிறு முழுக்கச் சீழ், கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. செப்சிஸ் என்கிறார்கள். உடனே அறுவைச் சிகிச்சை.

ஒப்புதல் படிவத்தை இரண்டு முறை படித்தேன். "படிச்சு முடிக்க இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் ஐயா?" என்று சர்ஜன் கேட்டார். மூன்று இடத்தில் கையெழுத்திட்டேன்.

வலி எப்போது ஆரம்பித்தது என்று அவர் கேட்டதற்கு, "நேற்றுக் காலை ஆறரை" என்றேன். பையிலிருந்த குறிப்பைப் பார்த்துக் காய்ச்சலின் இரண்டு அளவுகளையும் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நவம்பர் 4, திங்கள்

தீவிரச் சிகிச்சைப் பிரிவு இரண்டாம் மாடியில். மங்கை நான்காம் படுக்கை. பார்வை நேரம் காலை பதினொன்று, மாலை ஐந்து. ஒரு தடவைக்கு ஒருவர், பத்து நிமிடம். செருப்பைக் கழற்றி, பச்சை அங்கி மாட்டி, முகக்கவசம் கட்டுவதற்குள் இரண்டு நிமிடம் போய்விடுகிறது. கவசம் கட்டினால் என் மூச்சே மூக்குக்கண்ணாடியில் படிந்து, மார்கழிக் காலைபோல் எல்லாம் மங்கலாகிவிடுகிறது.

வாயில் குழாய். இயந்திரம் மூச்சு விடுகிறது. கழுத்தில் ஒரு பெரிய ஊசி, அதிலிருந்து மூன்று கிளை. மயக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக ஊரையெல்லாம் பேசவைத்தவள். இவ்வளவு அமைதியாக அவளை நான் பார்த்ததில்லை.

மகள் பூங்குழலி மயிலாடுதுறையிலிருந்து வந்துவிட்டாள். பள்ளியில் ஒரு வாரம் விடுப்பு சொல்லியிருக்கிறாள். "சனிக்கிழமையே எனக்கு ஏம்ப்பா போன் பண்ணல?" என்று கேட்டாள். பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன் என்றேன்.

காத்திருக்கும் கூடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் பெயர் மாசிலாமணி. ஒரத்தநாட்டுப் பக்கம் அறுவடை இயந்திரம் வைத்திருக்கிறார். "நாலாம் நம்பரா சார்? நான் ஆறு. அதாவது எந்தம்பி ஆறு" என்றார். தம்பிக்கு எலிக்காய்ச்சல்.

நவம்பர் 5, செவ்வாய்

மாற்றமில்லை. சட்டை, வேட்டி துவைத்துப் படிக்கட்டுக் கம்பியில் உலர்த்தினேன். காவலாளி எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

நவம்பர் 6, புதன்

இன்று மங்கையின் தலைமாட்டில் பால் நிறத்தில் ஒரு பை தொங்குகிறது. குடல் வேலை செய்யாததால் உணவை இரத்தக்குழாய் வழியாகவே செலுத்துகிறார்கள்.

பொறுப்பு மருத்துவர் நூருல் அமீன். முப்பத்தைந்து வயது இருக்கலாம். நின்றபடியே பேசுபவர், இன்று எனக்காக உட்கார்ந்தார்.

"பாக்டீரியாவுக்கு நல்ல மருந்து போய்க்கிட்டு இருக்கு சார். ஆனா அது கெட்டதோட நல்லதையும் சேத்துக் கொன்னுடும். காலியான எடத்துல ஃபங்கஸ் குடியேறும். அசந்தா ரத்தத்துல எறங்கிடும். அம்மாவுக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு, கழுத்துல லைன் இருக்கு, சாப்பாடு ரத்தத்துல போகுது, சுகர் வேற. அதனால கவனிச்சுக்கிட்டே இருக்கோம்."

"பூஞ்சாணமா?" என்றேன்.

"நீங்க அக்ரியா சார்?" என்று சிரித்தார். அந்தச் சொல் எங்கள் துறையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல வழி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். ஒவ்வொரு ஆபத்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்களாம். "மார்க் கம்மியா இருந்தா வராதுன்னு தைரியமாச் சொல்லலாம். நெறைய இருந்தா வரும்னு சொல்ல முடியாது. பாதிப் பேருக்கு மேல வராமலே போயிடும். ரத்தத்தை எடுத்து வளத்துப் பாக்குற கல்ச்சர் டெஸ்டும் அப்படித்தான். ரெண்டு மூணு நாள் ஆகும். இருக்கும்போதே பல பேருக்குக் காட்டிக் குடுக்காது."

"எல்லாருக்கும் மருந்தை முன்னாடியே கொடுத்துவிட்டால்?"

"அப்பறம் எந்த மருந்துக்கும் அடங்காத ஃபங்கஸ் வார்டையே புடிச்சுக்கும். இங்க நாங்க ஒரு ரூல் வச்சிருக்கோம். ஒடம்புல ரெண்டு எடத்துல ஃபங்கஸ் தெரியணும், காய்ச்சலும் எறங்காம நிக்கணும். ரெண்டும் சேந்துட்டா கல்ச்சருக்குக் காத்திருக்க மாட்டோம்."

நான் இருபத்தெட்டு வருடம் செய்த வேலையை அவர் எனக்கே விளக்கிக்கொண்டிருந்தார். நெல் ஆராய்ச்சி நிலையத்தில் என் வேலை குலைநோய் முன்னறிவிப்பு. இரவு வெப்பம், ஈரப்பதம், இலையில் பனி நின்ற நேரம், இவற்றைக் குறித்துக் கணக்குப் போட்டு, பூஞ்சாணம் பரவுமா என்று உழவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1986 டிசம்பரில் ஒரே ஒரு நாள் அளவை வைத்து எச்சரிக்கை கொடுத்தேன். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் மருந்தடித்தார்கள். நோய் வரவில்லை. ஒருவர் காலி மருந்து டின்கள் இரண்டை என் மேசைமேல் வைத்து, "அடிச்சு வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருக்கோம். நோய் எப்ப சார் வரும்?" என்று கேட்டார். அலுவலகமே சிரித்தது. இயக்குநர் கூப்பிட்டு, "சபாநடேசன், இனிமே ரெண்டு ரீடிங் இல்லாம வாயைத் திறக்காதீங்க" என்றார்.

திறக்கவில்லை. 1991இல் இரண்டாவது அளவுக்காகக் காத்திருந்தபோது நோய் வந்து, கதிர்கள் கழுத்து ஒடிந்து வெளுத்துத் தொங்கின. அதற்கு யாரும் டின்னைக் கொண்டுவந்து வைக்கவில்லை. வராத நோயைச் சொன்னவனைத்தான் கேட்பார்கள். வந்த நோயைச் சொல்லாதவனைக் கேட்பதில்லை.

மழை பெய்தால்கூட நான் இரண்டு முறை கையை நீட்டிப் பார்ப்பேன் என்று மங்கை சொல்வாள்.

நவம்பர் 8, வெள்ளி

சிறுநீர்ப் பரிசோதனையில் பூஞ்சாணம். ஓர் இடம். காய்ச்சல் 101.4.

"ஒரு எடம்தானே சார், பாப்போம்" என்றார் டாக்டர்.

குழலி தன் கைப்பேசியில் ஏதேதோ கட்டுரைகளைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். மூன்றைப் படித்தேன். ஒவ்வொன்றிலும் கணக்கு வேறு. நூறு பேரில் இத்தனை பேர் என்பதுவரைதான் எல்லாமே போகின்றன. நானும் அப்படித்தான் ஏக்கருக்கு இத்தனை என்று எழுதிக்கொண்டிருந்தேன். எந்த வயல் என்று என்னாலும் சொல்ல முடிந்ததில்லை.

நவம்பர் 9, சனி

காலை 11.04. சிஸ்டர் ஜெசிந்தா, வாய்க்குழாயைக் கட்டியிருந்த நாடாவை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். மங்கையின் வாய் சற்றுத் திறந்தது. நாக்கின் இடது ஓரத்திலும் கன்னத்தின் உள்ளேயும் வெண்மையாக ஏதோ ஒட்டியிருந்தது. தயிர் உறைந்ததுபோல், திட்டுத் திட்டாக.

கண்ணாடி மங்கலாக இருந்தது. துடைக்கக் கழற்றி மாட்டுவதற்குள் நாடாவைக் கட்டி முடித்துவிட்டார்.

எச்சில் உலர்ந்தாலும் வெண்மையாக இருக்கும். குழாயை ஒட்டும் பிளாஸ்திரியின் துணுக்காகவும் இருக்கலாம். நான் பார்த்தது இரண்டு வினாடி. எழுபத்துநான்கு வயதுக் கண். தொழில் முழுக்கப் பூஞ்சாணத்தையே தேடியவனுக்கு எல்லா வெண்மையும் அதுவாகத்தான் தெரியும். ஒரு அளவுதான். மாலையில் இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று குறித்துக்கொண்டேன்.

மாலையில் வேறு படுக்கையில் ஏதோ அவசரம். பார்வை நேரத்தையே ரத்து செய்துவிட்டார்கள்.

கேன்டீனில் இட்லி புளித்திருந்தது. குழலிக்குப் பூரி வாங்கிக் கொடுத்தேன். பாதியை வைத்துவிட்டாள். என் கண்ணாடி மங்குவதைச் சொன்னதும் மாசிலாமணி, "உள்பக்கமா லேசா சோப்பு தடவித் தொடைங்க சார். வண்டிக் கண்ணாடிக்கு நாங்க அதைத்தான் பண்ணுவோம்" என்றார். நல்ல யோசனை.

காய்ச்சல் 101.8.

விட்டுப்போனது: பதினொன்றேகாலுக்கு டாக்டர் வெளியே வந்து, காய்ச்சல் இறங்காததைச் சொல்லிவிட்டு, "நீங்க உள்ள போனப்ப வேற ஏதாவது கவனிச்சீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கண்ணாடிக்குச் சோப்பு தடவிக்கொண்டு போனேன். மங்கவில்லை. நன்றாகக் குனிந்து பார்த்தேன். வாய் சுத்தமாக இருந்தது. உதடு பளபளத்தது. தலைமாட்டுத் தட்டில் பயன்படுத்திய பஞ்சு உருண்டைகள் கிடந்தன. மருந்துத் தண்ணீரின் நெடி.

நேற்றுச் சொல்லாமல் இருந்தது நல்லதாயிற்று. வீணாகப் பரபரப்பு.

மாலை குழலியின் முறை. "நான் போயிட்டு வரட்டாப்பா, நீங்க காலையில பாத்தாச்சுல்ல" என்றாள். தாயைப் பார்க்கத் துடிப்பவளைத் தடுக்க முடியவில்லை. திரும்பி வந்ததும், "வாயைப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"ஏம்ப்பா?"

"சும்மாதான்."

"கையப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். வேற எதையும் பாக்கல."

மாசிலாமணி நான் எழுதுவதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். "காலையிலேருந்து ஒரே பக்கத்துல நிக்கிறீங்க. என்ன சார் கணக்கு?"

விஷயத்தைப் பொதுப்படையாகச் சொன்னேன். ஒருவன் ஒன்றைப் பார்த்தான். சரியாகப் பார்த்தானா என்று அவனுக்கே தெரியவில்லை. சொல்ல வேண்டுமா என்றேன்.

"கதிர் அறுக்கையில மிஷின்ல ஒரு சத்தம் கேட்டா நான் நிறுத்திடுவேன் சார். டிரைவர் திட்டுவான். பத்துல ஒம்போது தரம் ஒண்ணும் இருக்காது."

"பத்தாவது தரம்?"

"ஒரு தரம் பாம்பு இருந்துச்சு. ஒரு தரம் ஒரு பொம்பளையோட தூக்குச்சட்டி. எதுவா இருந்தா என்ன, திட்டு எனக்குத்தானே, போவுது. உங்களைத் திட்ட இங்க யாரு இருக்கா? போயிச் சொல்லுங்க சார்."

எழுந்து கதவுவரை போனேன். டாக்டர் ஞாயிறு மாலை இருக்க மாட்டார் என்று காவலாளி சொன்னார். பணியில் இருந்த மருத்துவர் புதியவர். அவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். காய்ச்சலுக்காக மறுபடியும் இரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பியிருப்பதாக அவரே சொன்னார். தலையசைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

காலை 11.03. இரண்டாவது அளவு.

ஐயமில்லை. நாக்கு, இடது கன்னத்தின் உட்புறம், மேலண்ணத்திலும் கொஞ்சம். சிஸ்டர் ஒரு துணியால் துடைத்தபோது திட்டு உரிந்து அடியில் சிவந்திருந்தது. காய்ச்சல் 103.

வெளியே வந்து ஒரு சீட்டில் எழுதினேன்: 'நான்காம் படுக்கை மங்கையர்க்கரசி. வாயில் வெண்படலம். 9ஆம் தேதி காலை முதலில் கண்டது. 11ஆம் தேதி உறுதி. தயவுசெய்து கவனிக்கவும். சபாநடேசன், கணவர்.' வாயால் சொன்னால் தடுமாறுவேன். நேரே டாக்டர் கையில் கொடுத்துவிடலாம் என்று கதவருகே நின்றேன்.

அப்போதுதான் ஆறாம் படுக்கையைச் சுற்றி எல்லோரும் ஓடினார்கள். திரையை இழுத்தார்கள். டாக்டர் நூருல் அமீன் மங்கையைத் தாண்டித்தான் ஓடினார், என்னையும் தாண்டித்தான். கையிலிருந்த சீட்டை நீட்டவில்லை. அந்த நேரத்தில் எப்படி நீட்டுவது? இருபத்தைந்து நிமிடம் நின்றேன். காவலாளி வந்து, "பெரியவரே, வழியை மறைக்காதீங்க" என்றார். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

மாசிலாமணியின் தம்பி ஒன்றரை மணிக்கு இறந்துவிட்டார். நாற்பத்தொரு வயது.

மாலை ஐந்தே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "சார், நேத்து அனுப்பின கல்ச்சர்ல அதுக்குள்ளயே ஃபங்கஸ் வளந்துடுச்சு. ரத்தத்துல எறங்கிடுச்சு. மருந்து ஆரம்பிச்சாச்சு. கழுத்து லைனையும் மாத்துறோம்."

"வாயில்..." என்றேன்.

"ஆமா சார், இப்பத்தான் பாத்தேன். வாயிலயும் இருக்கு."

அதன் பிறகு சொல்ல ஒன்றுமில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

இரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. அதை ஏற்ற இரண்டு மருந்து ஓடுகிறது. சிறுநீர் குறைந்துவிட்டது. டயாலிசிஸ் தேவைப்படலாம். இன்னும் இரண்டு மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள்.

மாசிலாமணி தன் பையைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொள்ள வந்தார். நான் எழுந்து நின்றேன். "நேத்து எல்லாருமே ஓடியாந்தாங்க சார். நான் கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன். ஒருத்தர்கூட நிக்கல" என்றார். பிறகு, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன். ஆம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் 13, புதன்

டயாலிசிஸ். ஐந்து மணி நேரம்.

நவம்பர் 14, வியாழன்

டயாலிசிஸ். குழலி என் துணிகளைப் பக்கத்துத் தெருவில் துவைக்கக் கொடுத்து வாங்கி வந்தாள். "சட்டைப் பையில ஒரு சீட்டு இருந்துச்சுப்பா. நனையறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன். முக்கியமானதா?"

இல்லை என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

நவம்பர் 15, வெள்ளி

இன்று உள்ளே போனபோது மங்கையின் காதருகே குனிந்து பேசினேன். மயக்கத்திலும் காது கேட்கும் என்று ஜெசிந்தா சொன்னார். என்ன பேசுவது? குழாய் இன்னும் சொட்டுகிறது, வாஷர் வாங்கவில்லை என்று சொன்னேன்.

நவம்பர் 17, ஞாயிறு

காய்ச்சல் 99.6. மாலையில் இன்னொரு முறை கேட்டேன். 99.4.

நவம்பர் 20, புதன்

வாய்க்குழாயை எடுத்துவிட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது. கடந்த இரண்டு முறையும் டயாலிசிஸ் தேவைப்படவில்லை. சிறுநீரகம் திரும்புகிறது என்றார் டாக்டர். பிழைத்துவிடுவார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இன்று முதல் முறையாகக் கேன்டீனில் சாப்பாடு முழுவதையும் சாப்பிட்டேன்.

நவம்பர் 23, சனி

பேசினாள். "வீட்டைப் பூட்டினீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். உதட்டோரம் அசைந்தது.

கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த லைட்டைத் தொடைக்கச் சொல்லுங்க. நடுவுல யாரோ வெரலை வச்சு ஈஷின மாதிரி இருக்கு."

விளக்கு சுத்தமாகத்தான் இருந்தது. இடது கண்ணைக் கையால் மூடிப் பார்க்கச் சொன்னேன். "இப்ப நடுவுல ஒண்ணுமே இல்ல" என்றாள்.

இம்முறை இரண்டாவது முறை பார்க்கச் சொல்லவில்லை. நேராக ஓடிப்போய் ஜெசிந்தாவிடம் சொன்னேன். மூச்சு வாங்கியது.

நவம்பர் 25, திங்கள்

கண் மருத்துவர் வந்து பார்த்தார். இரத்தத்தில் போன பூஞ்சாணம் வலது கண்ணின் உள்ளே தங்கிவிட்டது. விழித்திரையின் நடுவில், பஞ்சுத் துணுக்குபோல. கண்ணுக்குள் ஊசி போட்டிருக்கிறார்கள். இனிப் பரவாது, ஆனால் நடுப் பார்வை திரும்புவது கடினம். இடது கண்ணில் முன்பே புரை இருக்கிறது; உடம்பு தேறிய பிறகுதான் அதில் கை வைக்க முடியும்.

டாக்டர் நூருல் அமீனைத் தனியாகப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்பதாம் தேதி பார்த்ததைச் சொன்னேன். அவர் கேட்டதையும் நான் இல்லை என்றதையும் சொன்னேன்.

நீண்ட நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ரூல்படி ரெண்டு எடம் ஆயிருக்கும். ஆரம்பிச்சிருப்பேன். ரெண்டு நாள் முன்னாடி."

"கண்?"

"ரெண்டு நாள்ல கண்ணு தப்பிச்சிருக்குமான்னா, எனக்குத் தெரியாது சார். அதுக்கு முன்னாடியே போயிருக்கலாம். மருந்து போயும் சில பேருக்கு வருது." பிறகு, "வாயை நாங்களும் பாத்திருக்கணும். அது உங்க வேலை இல்ல" என்றார்.

அவர் நல்லவர். ஆனால் என்னைப் போன்றவனிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. தப்பித்திருக்கலாம், தப்பிக்காமலும் இருக்கலாம். இரண்டுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்க எனக்குத் தெரியும். கூட்டினேன். எந்தப் பக்கமும் பூஜ்ஜியம் வரவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

வீடு. மங்கை பதினோரு கிலோ குறைந்திருக்கிறாள். குழலி தன் பள்ளிக்கும் இங்குமாக அலைகிறாள். வாஷர் மாற்றினேன்.

டிசம்பர் 13, வெள்ளி

மங்கைக்கு நாளிதழில் வரும் சுடோகு கட்டங்கள் இல்லாமல் விடியாது. பேனாவால்தான் போடுவாள். நான் பென்சிலில் போட்டு, அழித்து, மறுபடி போடுபவன். இன்று காலை பேப்பரை முகத்தருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், சாய்த்துப் பிடித்தாள்.

"எம்பது நம்பர் வரிசையா வந்தாலும் ஒரு தரம் கேட்டு இணைப்புக் குடுத்தவ நான். இப்ப ஒம்போது கட்டம் தெரியல" என்றாள். பேப்பரை மடித்து எனக்கு நீட்டினாள். "நீங்க எண்ணைப் படிங்க, நான் சொல்றேன். பேனாவுல எழுதுங்க."

பேனாவில் எழுதினேன். ஒன்றுகூடத் தப்பாகவில்லை.

டிசம்பர் 14, சனி

இந்த நாட்குறிப்பை எடுத்தபோது நவம்பர் பக்கங்களுக்கு நடுவில் அந்தச் சீட்டு இருந்தது. யாரோ தேய்த்து மடிப்பு எடுத்து வைத்திருக்கிறார்கள். குழலி நேற்றே ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது, "அம்மாகிட்ட நீங்க பேசுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

காலை காபிக்குப் பிறகு மங்கை சொன்னாள்: "அந்த இருபது நாளும் எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. யாரோ என் வாழ்க்கையில அத்தனை நாளைக் கிழிச்சு எடுத்துட்டாங்க. நீங்க எழுதியிருப்பீங்கள்ல, வாசிங்க."

"ஒன்றும் விசேஷமாக இல்லை. இட்லி புளித்தது, வேட்டி துவைத்தது..."

"பரவால்ல, அதையே வாசிங்க. பொழுது போகணுமில்ல."

இரண்டாம் தேதியிலிருந்து ஆரம்பித்தேன். 'முடிவு செய்தோம், முடிவு செய்தேன்' என்ற இடத்தில் லேசாகச் சிரித்தாள். "நாந்தான் கெளம்ப மாட்டேன்னு அடம் புடிச்சேன். அதை எழுதலயா?" என்றாள். அவள் அடம் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. மாசிலாமணியின் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. அவருடைய தம்பி என்ன ஆனார் என்று இடையிலேயே கேட்டாள். வரும் என்றேன். மருந்து டின் கதையை ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள், ஆனாலும் நிறுத்தவில்லை.

ஒன்பதாம் தேதியை வாசித்தேன். நாடா, வெண்மை, மங்கிய கண்ணாடி, சோப்பு. பத்து. பதினொன்று. சீட்டு. பன்னிரண்டு. அவள் தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

வாசித்து முடித்தேன். மருத்துவரிடம் தனியாகப் பேசிய நாளை, 'கண் மருத்துவர் வந்து பார்த்தார்' என்பதோடு முடித்துக்கொண்டேன்.

தெருவில் காய்கறி வண்டி போய், திரும்பியும் வந்துவிட்டது. கத்தரிக்காயா, முருங்கைக்காயா, ஒலிபெருக்கியில் எதைச் சொன்னான் என்று எனக்குப் புரியவில்லை.

"அந்தக் காலத்துல வெளியூர் டிரங்க் கால்ல ரெண்டு பக்கமும் பேசுறதைக் கேக்கக் கூடாது. ஆனா லைன் இருக்கா, போச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்கணும்" என்றாள். "பேச்சு நிக்கிறதுக்கும் லைன் அறுந்து போறதுக்கும் வித்தியாசம் தெரியும் எனக்கு."

நோட்டின் மூலையை நீவிக்கொண்டிருந்தேன்.

"ஒம்போதாம் தேதி முடியற எடத்துல ஒரு தரம் மூச்சு எடுத்தீங்க. எடுத்துட்டுப் பக்கத்தைத் திருப்பிட்டீங்க."

நோட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒம்போதாம் தேதியை இன்னொரு தரம் வாசிங்க" என்றாள்.

இன்னொரு முறை வாசித்தேன். காலை பதினொன்று நான்கிலிருந்து, 'இல்லை என்றேன்' என்ற கடைசி வரி வரைக்கும்.